மின் ஸ்கூட்டரும் இளையோரும்: சட்டமும் பாதுகாப்பும்

முன்னுரை

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. ஒழுகவேண்டிய நெறி என்பது மற்றொன்று. சாலையில் ஓர் இளைஞன் உயிரிழக்கும்போது நாம் முதற்பொருளையே பெரிதும் நாடுகின்றோம். 'விதி முடிந்தது' என்று சொல்லி ஆறுதல் தேடுகின்றோம். இரண்டாம் பொருளை நாடுவோமாயின், அங்கே மீறப்பட்ட விதி யாது, மீறுவதற்கு இடங்கொடுத்தவர் யாவர் என்னும் வினாக்கள் எழும். அவை நம்மை நோக்கியும் திரும்பும். அதனாலன்றோ அவ்வினாக்களை நாம் எழுப்புவதில்லை!

இன்று மாணவர் கைகளில் மின் ஸ்கூட்டர் பெருகி வருகின்றது. மக்கள் இதனைப் 'பேட்டரி வண்டி' என்கின்றனர். பெட்ரோல் செலவில்லை, புகையில்லை, ஓசையில்லை. தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவிக்கு இது பெரும் துணை. இரு பேருந்து மாறி வந்தவள் இன்று ஒரே வண்டியில் வந்து சேர்கின்றாள். இந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயின் இவ்வண்டியைப் பற்றி ஊரில் வழங்கும் ஒரு சொல்லை மட்டும் ஆராயாமல் விடுதல் தகாது. 'இதற்கு லைசென்ஸ் வேண்டாம்' என்பதே அச்சொல். அதில் உண்மை எவ்வளவு, அவ்வுண்மையின் எல்லை எது, அவ்வெல்லைக்கு அப்பால் இளையோரையும் பெற்றோரையும் எதிர்நோக்கியுள்ள இடர் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தண்டலமும் அதன் சாலையும்

பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் தண்டலம். முன்னர் 4 என்னும் எண்ணால் வழங்கிய அச்சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை 48 ஆகும். மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டை. அங்கே ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், வல்லம், ஒரகடம் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஒரகடத்தில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஒருகாலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த நிலம் இன்று நாட்டின் பெரிய வாகன உற்பத்திக் களங்களுள் ஒன்று.

இதனால் இச்சாலைகளில் செல்லும் ஊர்திகளின் இயல்பும் மாறிவிட்டது. கண்டெய்னர் லாரிகள், புதுக் கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர்கள், ஷிப்ட் மாறும் வேளைகளில் விரையும் கம்பெனிப் பேருந்துகள் ஆகியவற்றிற்கு இடையே மாணவரின் சிறு வண்டி செல்கின்றது. தண்டலம் வட்டாரத்தில் பொறியியற் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரியும் இருத்தலின், காலை வேளையில் தொழிலாளர் கூட்டமும் மாணவர் கூட்டமும் ஒரே நேரத்தில் ஒரே சாலைக்கு வருகின்றன. கனத்த ஊர்தியும் மெலிந்த ஊர்தியும் ஒரே தடத்தைப் பகிரும்போது, தவறு எவருடையதாயினும் அடிபடுவது மெலிந்ததே.

ஈண்டு ஒரு நுட்பத்தை இளையோர் அறிதல் வேண்டும். நீண்ட டிரெய்லர் இடப்புறம் திரும்புகையில் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்திலேயே செல்வதில்லை. வளைவின் உட்புறமாக ஒதுங்கி வருகின்றன. முன்பகுதி கடந்துவிட்டது என்று எண்ணி அவ்விடைவெளியில் வண்டியை நுழைப்பவர் பின்சக்கரத்தின் வழியில் நிற்கின்றார். லாரியின் இடப்பக்கத்தில் ஓட்டுநரின் கண்ணாடியிலும் தோன்றாத ஒரு பகுதி உண்டு. லாரி ஓட்டுநரின் முகம் அவர் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லையாயின், நாம் அவருக்குத் தெரியவில்லை என்பதே பொருள்.

சட்டம் காணும் இருவகை வண்டிகள்

கடையில் அருகருகே நிற்கும் இரு மின் ஸ்கூட்டர்கள் தோற்றத்தில் ஒத்திருக்கலாம். சட்டத்தின் கண்களில் அவை வேறு வேறு.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், மின்கலத்தால் இயங்கும் ஊர்தி சில நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால் அது 'மோட்டார் வாகனம்' எனக் கருதப்படாது என்று கூறுகின்றன. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். மின்கலம் நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகுதல் கூடாது. தகுந்த பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளி எதிர்ப்பான்களும் இருத்தல் வேண்டும். இவையனைத்தையும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் ஆராய்ந்து சான்றளித்திருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விலக்கு இல்லை. இவ்வகை வண்டிக்குப் பதிவும் உரிமமும் காப்பீடும் சட்டப்படி வேண்டுவதில்லை. 'லைசென்ஸ் வேண்டாம்' என்னும் சொல் இவ்வகைக்கு மட்டுமே பொருந்தும்.

இதற்கு மேற்பட்ட திறனும் வேகமும் உடையவை முழுமையான மோட்டார் வாகனங்களே. இன்று சாலையில் பெரிதும் காணப்படும் மின் ஸ்கூட்டர்கள் பல மணிக்கு 80 கிலோமீட்டரையும் கடந்து ஓடவல்லவை. அவற்றிற்குப் பதிவு, பச்சை நிற எண்பலகை, காப்பீடு, ஓட்டுநருக்கு உரிமம், இருவருக்கும் தலைக்கவசம் ஆகிய யாவும் கட்டாயம். பதிவுக் கட்டணத்தில் மத்திய அரசு 2021-இல் விலக்கு அளித்தது. கட்டணத்தில் பெற்ற விலக்கைப் பதிவிலிருந்தே பெற்ற விலக்காகக் கொள்ளுதல் பிழையாகும்.

இவ்விரு வகைக்கும் நடுவே மூன்றாம் வகை ஒன்று முளைத்துள்ளது. சான்று பெறும்போது 25 கிலோமீட்டர் எல்லைக்குள் இருந்த வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை, வாங்கிய பின் அவிழ்த்துவிடுதல். கடையில் ஒரு கம்பியைக் கழற்றினாற் போதும் என்று சொல்லி இதனைச் செய்து தருவோரும் உளர். அந்நொடியே அவ்வண்டி தன் விலக்கை இழந்துவிடுகின்றது. அது இப்போது மோட்டார் வாகனம். ஆனால் பதிவில்லாதது, காப்பீடில்லாதது, உரிமமில்லாதவரால் ஓட்டப்படுவது. ஒரு கம்பி கழன்றதில் மூன்று குற்றங்கள் விளைகின்றன. அவ்வண்டியின் பிரேக்கும் சக்கரமும் சட்டகமும் குறைந்த வேகத்திற்கென்றே செய்யப்பட்டவை என்பதை அதன்மேல் அமர்ந்திருக்கும் சிறுவன் அறியான்.

அகவையும் உரிமமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 18 அகவை நிரம்பாதவர் பொதுவிடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டுதல் கூடாது என்கின்றது. 16 அகவை நிரம்பியோருக்கு ஒரு சலுகை உண்டு: எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மிகாத இருசக்கர ஊர்தியை ஓட்டலாம். இதற்கும் பெற்றோரின் எழுத்துவழி இசைவும் உரிமமும் வேண்டும்.

இச்சலுகையின் பின்னணியைத் தமிழ்நாட்டார் எளிதில் உணர்வர். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 நம் ஊர்களின் பால்காரர், ஆசிரியர், மளிகைக் கடைக்காரர் எல்லோருடைய வண்டியாகவும் விளங்கியது. மெல்லச் செல்லும் அத்தகைய மொபெட்டை மனத்திற்கொண்டு பார்த்தால் 50 சி.சி. என்னும் எல்லை விளங்கும். இன்று அவ்வகை வண்டிகள் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. மின் ஸ்கூட்டருக்கோ சி.சி. என்னும் அளவே இல்லை. 'எஞ்சினே இல்லாத வண்டி 50 சி.சி.க்குக் குறைவுதானே' என்று சிலர் வாதிடுகின்றனர். எள்ளளவும் கொள்ளத்தகாத வாதம் இது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ஊர்தியைச் சிறுவர் கையில் கொடுக்க அச்சலுகை எழுந்ததன்று. ஆதலின் 18 அகவைக்கு உட்பட்டோர் பதிவு பெற்ற மின் ஸ்கூட்டரை ஓட்டுதல் கூடாது என்று கொள்வதே நேர்மையும் நன்மையும் ஆகும். 18 அகவை நிரம்பியோர் பழகுநர் உரிமம் பெற்று, 30 நாள் கழித்துத் தேர்வுக்குச் சென்று உரிமம் பெறலாம். வாழ்நாள் முழுவதும் வண்டி ஓட்டப்போகும் ஒருவருக்கு இது நீண்ட காத்திருப்பன்று.

பெற்றோர்மேல் வரும் பொறுப்பு

2019-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 199-ஏ பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். உரிமமில்லாத சிறார் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதம் நீக்கப்படும். அச்சிறார் 25 அகவை வரை உரிமம் பெற இயலாது. சிறார் வண்டியை எடுத்தது பெரியவரின் இசைவோடுதான் என்று நீதிமன்றம் தொடக்கத்திலேயே கொள்ளும். 'எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான். நான் வேண்டிய காவல் செய்திருந்தேன்' என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரியவரையே சாரும்.

25 அகவை வரை உரிமம் இல்லை என்பதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நம் வட்டாரத்தில் ஆலைப்பணிக்கோ விற்பனைப் பணிக்கோ செல்லும் இளைஞருக்கு இருசக்கர ஊர்தி பிழைப்பின் கருவி. பதினாறு அகவையில் செய்த ஒரு பிழை, பட்டம் பெற்று வேலை தேடும் காலத்தில் அவர் எதிரே வந்து நிற்கும்.

காப்பீட்டின் செய்தி இதனினும் பெரிது. சாலையில் ஓடும் மோட்டார் வாகனம் ஒவ்வொன்றிற்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர ஊர்திகளுக்கு இது 5 ஆண்டுக்கு ஒருசேரப் பெறப்படுகின்றது. ஆயின் உரிமமில்லாதவர் ஓட்டி ஒருவருக்கு ஊறு நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு அத்தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் ஆணையிடலாம். உச்ச நீதிமன்றம் 2004-இல் சுவரண் சிங் வழக்கில் இந்நெறியை விளக்கியது. உயிரிழப்புக்கான இழப்பீடு பல இலட்சங்களாக அமையும். ஒரு குடும்பத்தின் வீடும் சேமிப்பும் மகளின் திருமணத்திற்கென வைத்த தொகையும் அதில் கரைந்துபோகக் கூடும்.

25 கிலோமீட்டர் வண்டியின் நிலை இன்னும் நுட்பமானது. அதற்குக் காப்பீடே இல்லை, எண்பலகையும் இல்லை. அதில் அடிபட்ட முதியவர் ஒருவர் இழப்பீட்டுக்கு எந்த நிறுவனத்தை நாடுவார்? ஓட்டியவரின் குடும்பத்தையன்றி வேறு எவரையும் நாட இயலாது. சட்டம் விலக்கு அளித்தது வண்டிக்கேயன்றி அதனை ஓட்டுபவரின் பொறுப்புக்கன்று.

வேகத்தின் கணக்கு

'ஐம்பதில்தான் போனேன்' என்று மாணவர் சொல்லக் கேட்கின்றோம். ஐம்பது என்பது எவ்வளவு எனப் பார்ப்போம்.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 7 மீட்டர் செல்லும். 50 கிலோமீட்டரில் 14 மீட்டர் செல்லும். எதிரே ஒரு மாடு குறுக்கிட்டதைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி கழிகின்றது எனக் கொள்வோம். அதன்பின் உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால், 25 கிலோமீட்டர் வேக வண்டி மேலும் 5 மீட்டரில் நிற்கும். மொத்தம் 12 மீட்டர். 50 கிலோமீட்டர் வேக வண்டிக்குப் பிரேக் பிடித்தபின் 19 மீட்டர் வேண்டும். மொத்தம் 33 மீட்டர். வேகம் இருமடங்கானால் நிற்கும் தொலைவு இருமடங்கிலும் மிகுகின்றது. மழை நனைத்த சாலையாயின் அத்தொலைவு 45 மீட்டரையும் கடக்கலாம். கைப்பேசியை ஒரு நொடி நோக்கினால் மேலும் 14 மீட்டரைக் கண்மூடிக் கடந்தவராவோம்.

மோதலின் வலிமையையும் இவ்வாறே அளக்கலாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு நிகர். 50 கிலோமீட்டரில் மோதுவது பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு நிகர். மூன்றாம் மாடியின் விளிம்பில் நிற்கும் மகனைக் கண்டு பதறாத தாய் இல்லை. அதே மகன் தலைக்கவசமின்றி ஐம்பதில் செல்வதைக் கண்டு நாம் பதறுவதில்லை.

மின் ஊர்திக்குரிய இயல்புகள்

பெட்ரோல் வண்டியில் பழகியவர் மின் ஸ்கூட்டரில் ஏறும்போது இரு வேறுபாடுகளை மனங்கொள்ள வேண்டும்.

ஒன்று, உந்துவிசை. பெட்ரோல் எஞ்சின் சுழற்சி கூடக் கூடத்தான் தன் வலிமையைக் காட்டும். மின் மோட்டாரோ நின்ற நிலையிலேயே தன் முழு இழுவிசையைத் தரவல்லது. கைப்பிடியைச் சற்றே மிகுதியாகத் திருகினாலும் வண்டி துள்ளிப் பாயும். வண்டி உயிருடன் இருப்பதை உணர்த்த உறுமல் இல்லை. அது அணைந்துள்ளது என்று எண்ணி அருகில் நிற்கும் குழந்தை கைப்பிடியைத் திருகிவிடக் கூடும். ஆதலின் இறங்கியவுடன் சாவியை அணைத்து எடுத்துவிடுதல் முதற்பாடமாகும்.

மற்றொன்று, ஓசையின்மை. சாலையைக் கடக்கும் முதியவர் காதால் கேட்டே வண்டியின் வருகையை உணர்கின்றார். பார்வையற்றோருக்கோ ஓசை ஒன்றே வழிகாட்டி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் விற்பனையாகும் புது மின் கார்கள் யாவும் மெல்லச் செல்லும்போது செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என விதித்தது. நம் ஸ்கூட்டர்களுக்கு அத்தகைய ஒலி இல்லை. பள்ளிவாசல், பள்ளிக்கூடம், சந்தை ஆகியவற்றின் அருகே வேகத்தைக் குறைத்து, முன்கூட்டியே மெல்ல ஒலியெழுப்பிச் செல்வது ஓட்டுபவரின் கடமை.

தலைக்கவசமும் ஆடையும்

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் தலைக்கவசம் அணியாமல் இறந்த இருசக்கர ஊர்தியினர் 50,029 பேர். இவர்களுள் 14,337 பேர் பின்னிருந்து சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் பெற்றது. 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் மாண்டனர். தலைக்கவசம் இறப்பின் வாய்ப்பை 42 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கின்றது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு.

நான்கு அகவைக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், ஓட்டுபவராயினும் பின்னிருப்பவராயினும், தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 129-ஆம் பிரிவு கூறுகின்றது. மீறினால் 1,000 ரூபாய் தண்டமும் 3 மாத உரிம நீக்கமும் உண்டு. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசம் விற்பதே குற்றம். வாரை இறுகக் கட்டாத கவசம் மோதிய நொடியில் தலையை விட்டுத் தனியே பறந்துவிடும். 25 கிலோமீட்டர் வண்டிக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை என்பர். தார்ச்சாலை அச்சட்டத்தைப் படித்ததில்லை.

மாணவியர்க்கு ஒரு சொல். துப்பட்டா, புர்கா, சேலையின் முந்தானை ஆகியவை பின்சக்கரத்தில் சிக்குவதால் நேரும் கேடு கொடியது. கழுத்தைச் சுற்றிய துணி இழுக்கப்பட்டால் உயிருக்கே தீங்கு நேரும். பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் தடுப்பு இருசக்கர ஊர்தியில் இருத்தல் வேண்டும் என்று மத்திய விதிகள் கூறுகின்றன. அழகுக்காக அதனைக் கழற்றுதல் கூடாது. ஏறி அமர்ந்தவுடன் துணியின் நுனிகளை ஒடுக்கிக்கொண்ட பின்னரே வண்டி நகர வேண்டும்.

மூவர் ஏறிச் செல்லுதல் 128-ஆம் பிரிவின்படி குற்றம். எதிர்த்திசையில் செல்லுதல், சிவப்பு விளக்கைக் கடத்தல், கைப்பேசி பேசிக்கொண்டு ஓட்டுதல் ஆகியவை உயிருக்கு ஊறு தருவனவாயின் 'அபாயகரமான ஓட்டுதல்' என்னும் குற்றமாகும். அரை கிலோமீட்டர் சுற்றுவதற்குச் சோம்பி நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வருவது நம் வட்டாரத்தில் நாள்தோறும் காணும் காட்சி. எதிரெதிரே வரும் இரு ஊர்திகளின் வேகம் ஒன்றோடொன்று கூடும் என்பதைக் கணக்குப் படித்த மாணவர் மறத்தல் ஆகாது.

மின்னேற்றத்தின் நெறி

பெட்ரோல் வண்டி சாலையில்தான் இடர் தரும். மின் ஸ்கூட்டரின் இடர் வீட்டிற்குள்ளும் வரலாம். 2022 மார்ச் இறுதியில் வேலூரில், மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் இரவில் தீப்பற்ற, புகையால் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் பல இடங்களிலும் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றியதால் மத்திய அரசு வல்லுநர் குழு அமைத்து, மின்கலத்துக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரத்தைக் கடுமையாக்கியது. அது 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டியை வாங்குவோர் அதன் மின்கலம் எக்காலத்தது என்று கேட்டறிதல் நலம்.

லித்தியம் மின்கலத்தில் ஒரு சிறு கலம் அளவுக்கு மீறிச் சூடேறினால், அச்சூடு அடுத்த கலத்தைத் தாக்க, தொடர்வினையாகத் தீ பரவும். ஆதலின் வண்டியை ஓட்டி வந்தவுடன் சூடான மின்கலத்தில் மின்னேற்றம் செய்தல் கூடாது. தயாரிப்பாளர் தந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். தரையிணைப்புள்ள தகுந்த பிளக்கில் நேரே இணைக்க வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் இணைத்தல் ஆகாது. படுக்கையறையிலும், வாசலை மறிக்கும் இடத்திலும், மாடிப்படியின் கீழும் மின்னேற்றம் செய்தலைத் தவிர்க்க வேண்டும். தீ எழுந்தால் தப்பும் வழி அதுவொன்றே ஆகலாம். எல்லோரும் உறங்கும் இரவில் அதனை விட்டுவைத்தல் தகாது. வெள்ளநீரில் மூழ்கிய வண்டியை, அது ஓடினாலும், பணிமனையில் காட்டிய பின்னரே மின்னேற்றம் செய்ய வேண்டும். புகை எழுந்தால் வண்டியைக் காக்க முயலாமல் அனைவரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழைப்பதே முதற்கடமை.

பிற நாடுகளின் பட்டறிவு

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் நின்றபடி ஓட்டும் சிறு மின் ஸ்கூட்டர்கள் ஒருகாலத்தில் நடைபாதைகளில் தடையின்றித் திரிந்தன. நடந்து செல்வோர் அடிபட்டனர். வீடுகளில் தீ விபத்துகளும் நேர்ந்தன. 2019 நவம்பர் 5 முதல் அவை நடைபாதையில் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2020 ஜூலை முதல் தீப்பாதுகாப்புத் தரம் பெறாத ஸ்கூட்டருக்கு இடமில்லை எனப்பட்டது. 2022 முதல் அவற்றை ஓட்டுவோர் எழுத்துத் தேர்வில் தேறுதல் கட்டாயமாயிற்று. வேகம் குறைந்த வண்டியாயினும் ஓட்டுபவரின் அறிவைச் சோதித்தாக வேண்டும் என்பதே அந்நாடு கற்ற பாடம்.

நம் வட்டாரத்திலேயே இதற்கொரு குறிப்பு உளது. ஒரகடத்தில் மத்தியக் கனரகத் தொழில் அமைச்சகத்தைச் சார்ந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் அங்கே சோதிக்கப்படுகின்றன. ஒரு வண்டி சாலைக்கு வருமுன் அதன் பிரேக்கும் விளக்கும் மின்கலமும் பலமுறை ஆராயப்படுகின்றன. ஆனால் 25 கிலோமீட்டர் வண்டியில் ஏறும் பதினான்கு அகவைச் சிறுவனைச் சோதித்தவர் யார்? சட்டம் அவனைச் சோதிக்கவில்லை. அவ்விடத்தில் தேர்வாளராக நிற்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமே.

நாம் செய்யத்தக்கன

மாணவர், பெற்றோர், ஆசிரியர், ஊர்ப் பெரியோர் ஆகிய நால்வகையினரும் செய்யத்தக்கனவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

1. வண்டி வாங்குமுன் அது எவ்வகை என்பதற்கான சான்றைக் கேட்டுப் பெறுக. சான்று காட்ட இயலாத வண்டியை வாங்கற்க.

2. வேகக் கட்டுப்பாட்டை அவிழ்க்கும் வேலைக்கு இசையற்க. அதனைச் செய்து தருவதாகச் சொல்பவர் நாளை நீதிமன்றத்தில் நமக்காக நிற்கமாட்டார்.

3. 25 கிலோமீட்டர் வண்டியாயினும் 16 அகவைக்கு உட்பட்டோரை நெடுஞ்சாலைக்கு அனுப்பற்க. அவ்வேகத்தில் செல்லும் வண்டி லாரிகளுக்கு இடையே ஒரு தடைக்கல் போன்றது. பின்னால் வருபவர் அதன் மெதுவை எதிர்பாரார்.

4. வீட்டில் எத்தனை பேர் வண்டியில் செல்வரோ அத்தனை தலைக்கவசம் வாங்குக. ஒரு வண்டிக்கு ஒன்று என்பது கணக்கன்று.

5. கல்லூரிகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வண்டியுடன் வரும் மாணவரின் உரிமத்தையும் காப்பீட்டையும் பார்த்து நுழைவுச்சீட்டு வழங்கலாம். பின்னிருப்பவருக்கும் தலைக்கவசம் இருந்தால்தான் வாயிலில் அனுமதி என்னும் நெறி ஒரு பருவம் நிலைத்தால் அதுவே பழக்கமாகிவிடும்.

6. ஜமாஅத் பெரியோரும் ஊர்ப் பெரியோரும் திருமணக் கூட்டங்களிலும் பெருநாட்களிலும் சிறுவர் மூவர் நால்வராக வண்டியேறித் திரிவதைக் கண்டால் அன்புடன் தடுத்து நிறுத்த வேண்டும். ஊரார் கண் ஒன்று தன்மேல் உண்டு என்று அறிந்த சிறுவன் தானே அடங்குவான்.

7. விபத்தைக் கண்டால் விலகிச் செல்லற்க. அடிபட்டவருக்கு நன்னோக்குடன் உதவுபவர்மேல் வழக்குத் தொடுக்க இயலாதவாறு 134-ஏ பிரிவு காக்கின்றது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை வரையறுத்த தொகை வரை அரசே ஏற்கின்றது. எனவே பணத்தை எண்ணித் தயங்காமல் 108-ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே கடன்.

முடிவுரை

நம் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள். அவர்களுக்காகத் தந்தை ஆலையில் இரவுப்பணி பார்க்கின்றார். தாய் நகையை அடகு வைக்கின்றார். அவ்வுழைப்பின் பயனாக வாங்கிய வண்டி, அவ்வுழைப்பையே வீணாக்கும் கருவியாகிவிடுதல் கூடாது.

வண்டியின் வேகத்தை வைத்துச் சட்டம் ஒரு கோடு வரைந்துள்ளது. அக்கோட்டிற்கு இப்பால் உரிமம் வேண்டாம், அப்பால் வேண்டும். பொறுப்புக்கோ அத்தகைய கோடு எதுவும் இல்லை. 'லைசென்ஸ் வேண்டாத வண்டி' என்று கடைக்காரர் சொல்லும்போது, 'அப்படியானால் இவனுக்குச் சாலையைக் கற்றுக்கொடுப்பது என் கடமை' என்று தந்தை எண்ணுவாராயின், அச்சொல்லால் தீங்கு விளையாது. வரும் விடுமுறையில் பிள்ளையைப் பின்னிருத்தித் தாமே வண்டி ஓட்டி, வழியிலுள்ள வளைவுகளையும் சந்திப்புகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லித் தருவது அக்கடமையின் தொடக்கமாகட்டும். பிள்ளைக்குக் காட்டும் அந்நாளில் தந்தையின் தலையிலும் தலைக்கவசம் இருத்தல் வேண்டும்.